சாயங்காலம் ஆனா படுத்துக்கற சைட்: ஹோஸ்டிங் மாத்தறதுக்கு முன்னாடி

உங்க கேள்விய நான் புரிஞ்சுக்கிட்டத முதல்ல சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. வீட்டுல போடற வத்தல், ஊறுகாய், பொடி வகையெல்லாம் விக்க வேர்ட்பிரஸ்ல வூகாமர்ஸ்ங்கற கடை பிளகின் போட்டு ஒரு சைட் வச்சிருக்கீங்க, மூணு வருஷமா ஒரே ஷேர்டு ஹோஸ்டிங்ல (பல சைட்டுங்க பங்கு போட்டுக்கற வாடகை சர்வர்ல) இருக்கு, ரெண்டு மாசமா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அடிக்கடி படுத்துக்குது, சிலநேரம் 508ன்னு ஒரு எர்ரர், சிலநேரம் டேட்டாபேஸோட கனெக்ட் ஆக முடியலன்னு ஒரு எர்ரர், சப்போர்ட்ல கேட்டா பெரிய பிளானுக்கு மாறுங்கன்னு ஒரே பாட்டு, அடுத்த மாசம் ரெனியூவல் வேற, அதுவும் முதல்ல கட்டினத விட மூணு மடங்கு. கடைசி வரில "நம்பகமான ஹோஸ்டிங் எது, ஒரே ஒரு பேர் சொல்லுங்க"ன்னு முடிச்சிருக்கீங்க. எனக்கு முன்னாடி பதில் போட்டவங்க ஆளுக்கொரு பேர் சொல்லிட்டாங்க, பாதிப் பேர் லிங்க்கோட. ஆனா நீங்க நிஜமா கேக்கறது பேர் இல்லன்னு தோணுது. தப்பு எங்கிட்டயா அவங்ககிட்டயா, மாறினா சரியாயிடுமா, மாறும்போது மூணு வருஷ ஆர்டரும் கஸ்டமர் விவரமும் காத்துல போயிடுமா, இதானே?

நான் சென்னைல ஒரு ஹோஸ்டிங் கம்பெனில நாலு வருஷம் நைட் ஷிஃப்ட் சப்போர்ட்ல உக்காந்தவன், அதுக்கப்புறம் பத்து வருஷமா சின்னக் கடைங்க, ஸ்கூலுங்க, ரெண்டு மூணு பத்திரிகை சைட்டுங்களுக்கு சர்வர் பாத்துக்கிட்டிருக்கேன். அதனால கவுண்டருக்கு அந்தப் பக்கமும் தெரியும் இந்தப் பக்கமும் தெரியும். உங்க சர்வர் லாக்க (யார் எப்ப எந்தப் பேஜுக்கு வந்தாங்கன்னு சர்வர் எழுதி வைக்கற பதிவ) பாக்காம இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது, எது நிச்சயம் எது என் ஊகம்னு பிரிச்சுச் சொல்றேன்.

பேர் சொல்லாததுக்குக் காரணம் இருக்கு. ஹோஸ்டிங் ரிவ்யூன்னு தேடினா வர்ற சைட்டுல பெரும்பாலானது கமிஷன்ல ஓடறது, ஒரு ஆள சேத்துவிட்டா 50, 100 டாலர்னு குடுக்கற கம்பெனி எல்லாம் இருக்கு, அப்ப லிஸ்ட்ல முதல்ல எது வரும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. இன்னொன்னு, கம்பெனி கை மாறிக்கிட்டே இருக்கும். எண்டூரன்ஸ்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி ப்ளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர்னு வரிசையா வாங்கிச்சு, 2014ல மும்பை டிரெக்டி கிட்ட இருந்து பிக்ராக், ரீசெல்லர்கிளப்பையும் வாங்கிச்சு, 2021ல அந்த எண்டூரன்ஸையே கிளியர்லேக்னு ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கி வெப்.காமோட சேத்து நியூஃபோல்டு டிஜிட்டல்னு பேர் வச்சாங்க. இதுல எது நல்லது எது கெட்டதுங்கற பேச்சுக்கு நான் வரல. "அந்தக் கம்பெனி சரியில்ல, இதுக்கு மாறிட்டேன்"ன்னு சொல்றவரு பல சமயம் ஒரே முதலாளியோட அடுத்த கடைக்குத்தான் போயிருப்பாரு, போர்டு மட்டும்தான் வேற. இன்னிக்கு நான் நல்லதுன்னு சொல்ற கம்பெனி ரெண்டு வருஷத்துல வேற ஆள் கைல இருக்கலாம். அதனால பதினாலு வருஷத்துல என் மனசுல நின்னது ஒன்னுதான்: எப்ப வேணா ஒரே நாள்ல மூட்டையக் கட்டிக்கிட்டு கிளம்ப முடியற மாதிரி நீங்க இருந்தா சுமாரான கம்பெனிகூட போதும், கிளம்ப முடியாத மாதிரி மாட்டிக்கிட்டா எவ்வளவு பெரிய கம்பெனியும் ஆபத்துதான்.

சரி, 508க்கு வருவோம். இது எனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச விஷயம். ஷேர்டு ஹோஸ்டிங்ல இந்த நம்பர் வந்தா சர்வர் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, உங்க அக்கவுண்ட்டுக்கு ஒதுக்கின அளவு தீந்துபோச்சுன்னு அர்த்தம். ஷேர்டு ஹோஸ்டிங்ங்கறது திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரி, ஒரே கட்டடம், ஒரே தொட்டித் தண்ணி, நூறு ரூம். முன்னெல்லாம் ஒரு ரூம்காரன் குழாயத் திறந்துவிட்டுட்டா மொத்த மேன்ஷனுக்கும் தண்ணி இல்லாம போகும், எங்க ஷிஃப்ட்ல பாதி ராத்திரி அந்த ஒருத்தன் யாருன்னு தேடறதுலயே போகும். அப்புறம் கிளவுட்லினக்ஸ்னு ஒரு சிஸ்டம் வந்துச்சு, ரூமுக்கு இத்தன வாளின்னு அளந்து விடுது: சிபியூ இவ்வளவு, மெமரி இவ்வளவு, ஒரே சமயத்துல ஓடற பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதின மொழி) வேலை இத்தனைன்னு. அதுல கடைசியா சொன்னதுக்கு என்ட்ரி பிராசஸ்னு பேர். உங்க பிளான்ல அது 20ன்னு வச்சுக்குங்க. 20 பேர்தான் பாக்க முடியும்னு இதுக்கு அர்த்தம் இல்ல, இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க. ஒரு பேஜ் அரை செகண்டுல முடிஞ்சா செகண்டுக்கு 40 ரிக்வெஸ்ட் தாங்கும், அதே பேஜ் நாலு செகண்டு இழுத்தா செகண்டுக்கு 5தான், ஆறாவது ஆள் வந்தாலே வரிசை கட்ட ஆரம்பிச்சிடும். அதாவது பேஜ எட்டு மடங்கு வேகமாக்கினா, ஒரு பைசா கூடக் கட்டாம எட்டு மடங்கு பெரிய பிளான் வாங்கின மாதிரி.

சாயங்காலம் மட்டும் ஏன்ங்கறது ஊகம்தான். வாட்ஸ்அப்ல நீங்க ஆஃபர் போடற நேரம் அதுவா இருந்தா நிஜக் கஸ்டமராவே இருக்கலாம், சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனா என் அனுபவத்துல பத்துக்கு ஆறு ஏழு தடவ வில்லன் வேற ஆள். ஒன்னு பாட், அதாவது மனுஷன் இல்லாம தானா ஓடற புரோகிராமுங்க: லாகின் பேஜையும், வெளில இருந்து வேர்ட்பிரஸ்ஸ இயக்கறதுக்கான எக்ஸ்எம்எல்ஆர்பிசிங்கற ஃபைலையும் விடாம தட்டிப் பாஸ்வேர்ட் தேடறதுங்க, போதாக்குறைக்கு இப்ப ஏஐ கம்பெனிங்களோட கிராலருங்களும் (சைட் சைட்டாப் போய் பேஜ அள்ளற பாட்) சேந்துக்கிச்சு, வூகாமர்ஸ்ல விலை, வகைன்னு ஃபில்டர் லிங்க் இருந்தா அதுங்க ஒவ்வொரு ஃபில்டரையும் மாத்தி மாத்திப் பிடிச்சு ஆயிரக்கணக்குல பேஜ் கேக்கும், ஒன்னுகூட கேஷ்ல (முன்னாடியே தயாரா எடுத்து வச்ச காப்பில) இருக்காது. இன்னொன்னு உங்க சைட்டே தனக்குத்தானே வச்சுக்கற ஆப்பு, பேக்கப், இமேஜ் சுருக்கற வேலை, ரிப்போர்ட் மெயில் இதெல்லாம். ஒரு கோயில் சேவை புக்கிங் சைட் தினமும் விடிகாலைல 5:30க்கு விழுந்துக்கிட்டே இருந்துச்சு, அவங்களுக்கு அதுதான் கூட்ட நேரம், கம்பெனிய ரெண்டு தடவ மாத்தியும் விழுந்துச்சு. பாத்தா, பேக்கப் பிளகின்ல "நடுராத்திரி"ன்னு வச்சிருக்காங்க, சர்வர் கடிகாரம் யூடிசிங்கற உலகப் பொது நேரத்துல ஓடுது, அதோட நடுராத்திரி நமக்கு காலைல 5:30. அதனால லாக்ல உங்க சாயங்காலம் 6 மணியத் தேடாதீங்க, சர்வர் யூடிசில இருந்தா 12:30ஐப் பாருங்க. ஹோஸ்டிங்க நிர்வகிக்கற சிபேனல்ங்கற பேனல் இருந்தா அதுலயே ரா அக்சஸ்னு லாக் டவுன்லோட் பண்ணிக்கலாம், எந்த ஐபி (வந்தவரோட இணைய முகவரி எண்), எந்த பேஜ்னு எண்ணிப் பாத்தாலே பாதி கதை தெரிஞ்சிடும்.

டேட்டாபேஸ் எர்ரர் கொஞ்சம் சிக்கலானது, ரெண்டு பக்கமும் தப்பு இருக்கலாம். பக்கத்து ரூம்காரங்க எல்லாரும் சேந்து டேட்டாபேஸ் சர்வர நெரிச்சா வரும், அது கம்பெனி பிரச்சனை. உங்க கோட்டா நெறஞ்சு எழுத இடம் இல்லாம போனாலும் வரும். இடம்னா ஜிபி மட்டும் இல்ல, ஐநோட்னு ஒன்னு இருக்கு, அதாவது எத்தன ஃபைல்ங்கற எண்ணிக்கை, "அன்லிமிடெட் ஸ்பேஸ்"னு கொட்டை எழுத்துல போட்டுட்டு இதப் பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. பழைய கேஷ் ஃபைல், யாரும் திறக்காத மெயில் பாக்ஸ்ல குவிஞ்ச ஸ்பேம், ஒரு படத்துக்கு தீம் பண்ற எட்டு சைஸ் காப்பி, எல்லாம் அந்த எண்ணிக்கைலதான் ஏறும். டேட்டாபேஸ்ல செட்டிங் எல்லாம் இருக்கற ஆப்ஷன்ஸ் டேபிள்ல ஒவ்வொரு பேஜுக்கும் தானா லோட் ஆகற விஷயம் எவ்வளவுன்னும் பாருங்க, ஒரு எம்பிக்குள்ள இருக்கணும், எடுத்துப்போட்ட பழைய பிளகினோட குப்பையே அதுல பத்து எம்பி கிடந்து நான் பாத்திருக்கேன்.

தப்பு யார்கிட்டன்னு சண்டை போடாம தெரிஞ்சுக்க ஒரு எளிய வழி. சும்மா "ஓகே"ன்னு ஒரு வார்த்த எழுதின டெக்ஸ்ட் ஃபைல் ஒன்ன உங்க சைட்ல போட்டு வைங்க. இலவச மானிட்டர் சர்வீஸ் ஏதாவது ஒன்னுல அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவ அந்த ஃபைலையும் உங்க முகப்புப் பக்கத்தையும் தனித்தனியா செக் பண்ணச் சொல்லுங்க. ரெண்டும் ஒன்னா விழுந்தா சர்வரோ நெட்வொர்க்கோ, கம்பெனிய உலுக்கலாம். முகப்பு மட்டும் விழுந்து டெக்ஸ்ட் ஃபைல் கல்லு மாதிரி நின்னா பெரும்பாலும் வேர்ட்பிரஸ், பிளகின், அளவு, இந்த மூணுல ஒன்னு, டேட்டாபேஸ் எர்ரரா இருந்தா மட்டும் கம்பெனியோட டேட்டாபேஸ் சர்வரும் காரணமா இருக்கலாம். பத்து நாள் ஓடவிட்டா போதும், கைல ஆதாரம் இருக்கும், ரெனியூவலுக்கு உங்களுக்கு அவ்வளவு நேரம் இருக்கு.

அதே பத்து நாள்ல செய்ய வேண்டியதச் செஞ்சிடுங்க. பேஜ் கேஷ் பிளகின் ஒன்னு, கார்ட், செக்கவுட், மை அக்கவுண்ட் மூணையும் கேஷ்ல இருந்து விலக்கிட்டு, இத மறந்தா ஒருத்தர் கூடைல இன்னொருத்தர் ஊறுகாய் தெரியும். பிஎச்பி வெர்ஷன் பாருங்க, மூணு வருஷம் முன்னாடி போட்ட சைட்னா 7.4லயே நின்னிருக்க வாய்ப்பு இருக்கு, அதுக்கு 2022 நவம்பரோட செக்யூரிட்டி அப்டேட்டும் நின்னுபோச்சு, 8க்கு மேல மாத்தினா வேகமும் கூடும், மாத்தறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்துக்கங்க, ஏன்னா பழைய பிளகின் ஏதாவது மூஞ்சத் திருப்பும். யாராவது பேஜ் திறக்கும்போதெல்லாம் ஓடற வேர்ட்பிரஸ் கிரான (நேரம் குறிச்சு தானா ஓடற வேலைய) நிறுத்திட்டு சர்வர் கிரான்ல பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவன்னு வைங்க. எக்ஸ்எம்எல்ஆர்பிசிய அடைச்சிடுங்க. சைட்டுக்கு முன்னாடி நின்னு வர்றவங்கள வடிகட்டற கிளவுட்ஃபிளேர் சர்வீஸோட இலவசப் பிளான் போட்டா பாட் தொல்லை பெருமளவு குறையும். இவ்வளவும் செஞ்ச பிறகும் 508 வந்தா உங்க கடை அந்த ரூமுக்குப் பெருசாயிடுச்சு, சப்போர்ட்காரர் சொன்னது நிஜம்தான். சப்போர்ட்ல பெரிய பிளான்னு சொன்னாலே ஏமாத்தறாங்கன்னு நினைக்க வேண்டாம், ஆனா நைட் ஷிஃப்ட்ல லாக்கத் திறந்தே பாக்காம நாங்களும் அந்த வரிய ஒட்டி அனுப்பியிருக்கோம், பொய் சொல்ல விரும்பல. லாக் பாக்க வைக்கறது உங்க டிக்கெட்ல, அதாவது நீங்க எழுதற புகார்ல இருக்கு. "சைட் ஒர்க் ஆகல, அர்ஜெண்ட்"ன்னு எழுதினா ஒட்டுப் பதில்தான் வரும். இந்தத் தேதி, இந்திய நேரம் இத்தன மணில இருந்து இத்தன மணி வரைக்கும், இந்த யூஆர்எல், இந்த எர்ரர், டெக்ஸ்ட் ஃபைல் நல்லாத்தான் வந்துச்சு, அந்த நேரத்துல என் அக்கவுண்ட்ல எந்த அளவு முட்டுச்சு, எந்த ஸ்கிரிப்ட் காரணம்னு கேளுங்க. இப்படி எழுதற ஆளோட டிக்கெட்ட நாங்க தனியா சீனியருக்குத் தள்ளுவோம்.

கம்பெனி 99.9 சதவீதம் அப்டைம்னு சொல்றத வச்சு முடிவு பண்ணாதீங்க. கணக்குப் போட்டா 30 நாள் மாசத்துக்கு 43 நிமிஷம், வருஷத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் விழுந்து கிடந்தாலும் அவங்க சொன்ன சொல்லு தவறல. தவறினாலும் கிடைக்கறது அந்த மாச வாடகைல ஒரு துண்டு, அதுவும் அடுத்த பில்லுல கழிவா. தீபாவளி வாரத்துல போன ஆர்டர யாரும் திருப்பித் தர மாட்டாங்க.

பெரிய கம்பெனின்னா விழாதுன்னும் இல்ல. 2021 மார்ச் 10ஆம் தேதி ராத்திரி பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துல ஓவிஹெச்னு ஐரோப்பாவுலயே பெரிய ஹோஸ்டிங் கம்பெனியோட டேட்டா சென்டர் தீப்பிடிச்சு ஒரு கட்டடம் முழுசா எரிஞ்சுபோச்சு, 36 லட்சம் வெப்சைட் வரைக்கும் படுத்துதுன்னு இணையத்தக் கணக்கெடுக்கற நெட்கிராஃப்ட் கம்பெனி சொல்லுச்சு. அதுல கொடும என்னன்னா பேக்கப்புக்குன்னு தனியா காசு கட்டின சிலரோட பேக்கப்பும் அதே இடத்துல இருந்து சேந்து எரிஞ்சது, ஒரு கஸ்டமருக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி 2023ல அங்க கோர்ட்டு தீர்ப்பு சொன்னுச்சு. இன்னொன்னு கிட்லேப், ஊருக்கே புரோகிராம் கோட் வச்சுக் காப்பாத்தற கம்பெனி, 2017 ஜனவரி 31ல ராத்திரி களைச்சுப்போன ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ அழிச்சிட்டாரு, 300 ஜிபி கிட்ட. சரி பேக்கப்ப எடுப்போம்னு பாத்தா அஞ்சு விதமா வச்சிருந்த பேக்கப்ல ஒன்னுகூட ஒழுங்கா வேலை செய்யல, பேக்கப் ஃபெயில் ஆகுதுன்னு சொல்ற மெயில்கூட டிமார்க் (மெயில் நிஜமா அந்த டொமைன்ல இருந்துதான் வருதான்னு சரிபாக்கற முறை) சரியில்லாததால போய்ச் சேரவே இல்லயாம். ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி ஒருத்தர் வேற வேலைக்காக கையால எடுத்து வச்ச ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. இத அவங்களே ஒளிக்காம எழுதி வெளியிட்டாங்க, அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. உங்களுக்கு இதுல என்ன இருக்குன்னா, கம்பெனி டெய்லி பேக்கப் எடுக்கறாங்கங்கறத ஒரு கூடுதல் வசதியா மட்டும் வச்சுக்குங்க. வாரத்துக்கு ஒன்னு முழு பேக்கப், டேட்டாபேஸ் மட்டும் தினம், இதெல்லாம் கூகுள் டிரைவ் மாதிரி வேற இடத்துக்கு தானா போகணும், மாசத்துக்கு ஒருதடவ லேப்டாப்லயோ ஒரு சப்டொமைன்லயோ அத விரிச்சு சைட் எழுந்து நிக்குதான்னு பாக்கணும். விரிச்சுப் பாக்காத பேக்கப்ப நான் பேக்கப் கணக்குல சேக்கறதே இல்ல.

இப்ப மாறறதப் பத்தி, நம்ம தமிழ் சைட்டுக்குன்னே ஒரு கண்டம் இருக்கு, அதுக்கு இங்கிலீஷ் கைடுல சொல்லிருக்க மாட்டாங்க. புது சர்வர்ல சைட்ட ஏத்தின உடனே "மாங்காய் வத்தல்"ங்கற இடத்துல தலைல சின்னக் கோடு போட்ட இங்கிலீஷ் ஏ (à), அதுக்குப் பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர் (®), மறுபடி அதே ஏ, அதே வட்டம்னு வரிசையா வந்து நிக்கும், நெஞ்சு பகீர்னு ஆயிடும். பயப்படாதீங்க, உங்க தமிழ் பத்திரமா இருக்கு. எழுத்தக் கம்ப்யூட்டர்ல பைட்டா சேமிக்கற யூடிஎஃப்-8 முறைல ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூணு பைட், எல்லாமே ஒரே முதல் பைட்ல ஆரம்பிக்கும், அத ஐரோப்பிய எழுத்துக்கான பழைய லத்தீன்-1 முறைன்னு தப்பாப் படிச்சா அந்தக் கோடு போட்ட ஏதான் தெரியும், அதனாலதான் திரும்பத் திரும்ப அதே ஏ. டேட்டாபேஸ் ஒரு கேரக்டர் செட்டுல (இந்த மாதிரி ஒரு முறைல) எழுதி, கனெக்ஷன் இன்னொன்னுல படிக்குதுன்னு அர்த்தம், எக்ஸ்போர்ட் இம்போர்ட் ரெண்டுலயும் ஒரே செட் வச்சு மறுபடி செஞ்சா சரியாயிடும். ஆனா தமிழ் வரவேண்டிய இடத்துல வெறும் கேள்விக்குறியா ???? ன்னு வந்தா, டேட்டாபேஸ்லயும் அப்படியே உக்காந்திருந்தா, அந்தக் காப்பில எழுத்து போயே போச்சு, எந்த மந்திரம் போட்டாலும் வராது, பழைய சர்வர்ல இருந்து மறுபடிதான் எடுக்கணும். அதனாலதான் பழைய ஹோஸ்டிங்க உடனே கேன்சல் பண்ணாதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தறது. ஒரு சிறுபத்திரிகைக்காரர் பத்து வருஷக் கட்டுரைய இப்படிக் கேள்விக்குறியா மாத்தி, பழைய அக்கவுண்ட்டையும் மூடிட்டு எங்கிட்ட வந்தாரு. கூகுள் கேஷ்ல இருந்தும் வேபேக் மெஷின்ல இருந்தும் பொறுக்கிப் பொறுக்கி பாதி மீட்டோம், மீதி போனது போனதுதான். உங்க சைட் மூணு வருஷம்தான்ங்கறதால ஆரம்பத்துலயே யூடிஎஃப்-8 எம்பி4ல (டேட்டாபேஸ்ல யூடிஎஃப்-8ஓட முழு வடிவத்துல) இருக்கும், பெரும்பாலும் சிக்கல் வராது, இருந்தாலும் மாறின உடனே நாலு பொருள் பேரையும் ரெண்டு கஸ்டமர் ரிவ்யூவையும் கண்ணால பாத்துடுங்க.

மாறற வரிசை இப்படி. ரெண்டு நாள் முன்னாடியே டிஎன்எஸ்ல (உங்க டொமைன் பேருக்கு எந்த சர்வர்னு சொல்ற பதிவுல) டிடிஎல்ல, அதாவது அந்தப் பதிவ மத்த கம்ப்யூட்டருங்க எவ்வளவு நேரம் ஞாபகம் வச்சுக்கணும்ங்கறத, 300 செகண்டுக்குக் குறைச்சிடுங்க. புது இடத்துல காப்பி ஏத்தி, உங்க கம்ப்யூட்டர் ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல மட்டும் புது ஐபிய எழுதி, உலகத்துக்குத் தெரியாம நீங்க மட்டும் போய் ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்க. கடை சைட்ல முக்கியமான ஓட்டை, காப்பி எடுத்த நேரத்துக்கும் டிஎன்எஸ் மாத்தற நேரத்துக்கும் நடுவுல பழைய சைட்டுல விழற ஆர்டர், அது புதுசுல இருக்காது. அதனால ராத்திரி ரெண்டு மணிக்கு பழைய சைட்ட பராமரிப்புன்னு மூடிட்டு, டேட்டாபேஸ மட்டும் கடைசியா ஒருதடவ காப்பி பண்ணி, அப்புறம் டிஎன்எஸ் மாத்துங்க. பேமெண்ட் கேட்வேல வெப்ஹுக் (பணம் வந்துச்சுன்னு உங்க சைட்டுக்குச் சொல்ற இணைப்பு) செட்டிங்கும் ஐபி அனுமதிப் பட்டியல் இருந்தா அதையும் பாருங்க. பழைய அக்கவுண்ட் மூணு வாரமாவது உயிரோட இருக்கட்டும். எஸ்எஸ்எல்லுக்கு (சைட்டுக்கு https பூட்டு போடற சான்றிதழுக்கு) காசு கேட்டா கொடுக்காதீங்க, லெட்ஸ் என்கிரிப்ட் இலவசம், நல்ல கம்பெனி எல்லாம் தானாவே போட்டு தானாவே புதுப்பிக்கும்.

மெயில்தான் நிறைய பேர கவுக்கறது. நேம்சர்வர் (டிஎன்எஸ் பதிவு இருக்கற சர்வர்) மாத்தின உடனே சைட் ஜம்முனு வந்துடும், ஆனா மெயில் எங்க போகணும்னு சொல்ற எம்எக்ஸ் ரெக்கார்டு பழைய இடத்துலயே விட்டுப்போய் மெயில் எல்லாம் அந்தரத்துல போகும், யாருக்கும் நாலு நாள் தெரியாது. மாத்தறதுக்கு முன்னாடி பழைய டிஎன்எஸ் பேஜ முழுசா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. என் கருத்து, மெயில ஹோஸ்டிங்ல வைக்கவே வேண்டாம், தனி மெயில் சர்வீஸ்ல வைங்க. ஷேர்டு சர்வர்ல ஒரே ஐபில நூறு பேர் அனுப்பறாங்க, ஒருத்தன் ஸ்பேம் அனுப்பினா உங்க ஆர்டர் கன்ஃபர்மேஷனும் ஸ்பேம் ஃபோல்டருக்குப் போகும். 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயில் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (மெயில் நிஜமா உங்ககிட்ட இருந்துதான்னு காட்ட டிஎன்எஸ்ல போடற பதிவுங்க) இல்லாத மெயில ரொம்பக் கெடுபிடியாப் பாக்குது, ரெண்டையும் போட்டு டிமார்க்கும் போட்டுடுங்க.

டொமைன உங்க பேர்ல, உங்க மெயில் ஐடில, ஹோஸ்டிங் வாங்கற கம்பெனில இல்லாம வேற ரிஜிஸ்ட்ரார்கிட்ட (டொமைன் பதிவு செய்யற கம்பெனிகிட்ட) வைங்க. சைட் செஞ்சு கொடுத்த தம்பி பேர்ல இருந்தா இன்னிக்கே கேட்டு மாத்துங்க, அவரு நல்லவராவே இருக்கட்டும், நாளைக்கு வேலைக்கு வெளிநாடு போயிட்டா போன் எடுக்க மாட்டாரு. இன்னொன்னு நம்மூருக்கே உரியது: 2021 அக்டோபர் 1ல இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டுல ஆட்டோ டெபிட்டுக்கு தனி மேண்டேட் (பேங்க்ல பதியற முன் அனுமதி) வேணும், வெளிநாட்டு ரிஜிஸ்ட்ரார், ஹோஸ்டிங் கம்பெனி பலதுல அந்த ஏற்பாடு இல்லாததால ஆட்டோ ரெனியூவல் ஆன்ல இருக்குன்னு நாம நிம்மதியா இருப்போம், பேங்க் சத்தமில்லாம மறுத்திருக்கும். அதனால போன் காலண்டர்ல 30 நாள் முன்னாடி ஒரு அலாரம், இல்லன்னா அஞ்சு வருஷத்துக்கு சேத்துக் கட்டிடுங்க, டொமைன் மலிவுதான். டாட் காம் தவறிப்போச்சுன்னா கொஞ்ச நாள் சாதாரண விலைக்கே புதுப்பிக்க விடுவாங்க, அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதுக்கு அபராதம் பல ஆயிரம் வரும், அதுவும் தாண்டினா 5 நாள்ல சந்தைக்கு வந்துடும், பேருக்குக் கொஞ்சம் மவுசு இருந்தா பிடிக்க ஆள் காத்துக்கிட்டிருப்பான்.

புதுசா ஒன்னு தேடறீங்கன்னா வாங்கறதுக்கு முன்னாடி சாட்ல நாலு கேள்வி கேளுங்க, அதுவும் ராத்திரி பதினோரு மணிக்கு கேளுங்க, யார் பதில் சொல்றாங்கன்னு தெரிஞ்சிடும். ரெண்டாவது வருஷம் ஜிஎஸ்டி 18 சதவீதம் சேத்து எவ்வளவு? என்ட்ரி பிராசஸ், சிபியூ, ஐநோட் எவ்வளவு? முழு அக்கவுண்ட் பேக்கப்ப நானே டவுன்லோட் பண்ணிக்கலாமா? எஸ்எஸ்எச் (கமாண்டு அடிச்சு சர்வருக்குள்ள வேலை செய்யற வசதி) உண்டா? மூணாவது கேள்விக்கு மழுப்பினா வேண்டாம். இது ஏன் முக்கியம்னா, 2019ல சிபேனல் தன்னோட விலைய அக்கவுண்ட் கணக்குக்கு மாத்தினுச்சு, அதுக்கப்புறம் நிறைய கம்பெனி விலைய ஏத்தினாங்க, சிலர் சொந்த பேனலுக்குப் போனாங்க. சொந்த பேனல் மோசம்னு இல்ல, பல சமயம் அழகாவே இருக்கும், ஆனா சிபேனல்ல இருந்து சிபேனலுக்குப் போறப்ப ஒரே ஃபைல்ல மெயில் முதற்கொண்டு எல்லாம் போற வசதி போயிடும், ஃபைல் தனி டேட்டாபேஸ் தனின்னு கையால தூக்கணும். 48 மாசத்துக்குக் கட்டினா மாசத்துக்கு சொற்பம்னு வலை விரிப்பாங்க, நான் ஒரு வருஷத்துக்கு மேல கட்டச் சொல்ல மாட்டேன், கொஞ்சம் கூடப் போனாலும் பரவால்ல, கிளம்பற சுதந்திரத்துக்கான விலை அது.

சர்வர் எங்க இருக்குங்கறது உங்களுக்கு முக்கியம், ஏன்னா செக்கவுட்ட கேஷ் பண்ண முடியாது, ஒவ்வொரு தடவயும் நிஜ சர்வர் வரைக்கும் போய் வரணும். உங்க கஸ்டமர் பெரும்பாலும் தமிழ்நாடுன்னா மும்பை, பெங்களூர், சென்னை மூணுல எதுவும் நல்லது, சிங்கப்பூரும் மோசமில்ல, 2002லயே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேரா கடலடிக் கேபிள் போட்டாச்சு, போய் வர 35 மில்லிசெகண்டு பக்கம்தான் ஆகும். அமெரிக்கான்னா 200க்கு மேல, ஒரு பேஜுக்கு நாலஞ்சு தடவ போய் வந்தாலே ஒரு செகண்டு காலி.

விபிஎஸ், அதாவது நாமளே நிர்வகிக்கற தனி சர்வர் பங்கு, எடுக்கலாமான்னு கீழ ஒருத்தர் கேட்டிருந்தாரு. விலை கம்மி, வேகம் ஜாஸ்தி, வாஸ்தவம்தான், ஆனா அது தனி வீடு, மோட்டார் ரிப்பேரானா நீங்கதான் இறங்கணும். அப்டேட், ஃபயர்வால், டேட்டாபேஸ் கிராஷ் எல்லாத்துக்கும் ராத்திரி எழுந்து பாக்க ஆள் இல்லன்னா அந்தப் பக்கம் போகாதீங்க. ஊறுகாய் போடற கைக்கு அந்த வேலை வேண்டாம், மேனேஜ்டு, அதாவது பராமரிப்பு எங்க பொறுப்புன்னு எழுத்துல போட்டுத் தர்றவங்க இருந்தா யோசிக்கலாம்.

உங்க விஷயத்துல, இப்போதைக்கு மாறாதீங்கன்னுதான் சொல்வேன். இன்னிக்கு ராத்திரி முழு பேக்கப் எடுத்து வெளிய வைங்க, டெக்ஸ்ட் ஃபைல் மானிட்டர் போடுங்க, கேஷும் பிஎச்பியும் பாருங்க. பத்து நாள் கழிச்சு டெக்ஸ்ட் ஃபைலும் சேந்து விழறது தெரிஞ்சா மூட்டையக் கட்டுங்க. முகப்பு மட்டும் விழுதுன்னா அக்சஸ் லாக்ல சாயங்காலம் ஒரு மணி நேரத்தோட வரிங்கள மட்டும் வெட்டி இங்க போடுங்க, கஸ்டமர் ஐபி, மெயில், போன் நம்பர் எல்லாத்தையும் அழிச்சிட்டு. ஞாயித்துக்கிழமை உக்காந்து பாத்துச் சொல்றேன்.